உய்யக்கொண்டான் கரையோடு: பேட்டைவாய்த்தலை முதல் புத்தூர் வரை, பிறகு ஸ்ரீரங்கம்

கேரளத்துக் கெட்டுவள்ளத்தில் ஒரு தடவை போய்வந்தவர்கள் திருச்சிக்கு வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இவ்வளவு தண்ணீர் ஓடுகிற ஊரில் படகில் போக ஒரு வழியும் இல்லையா?” இல்லை. திருச்சியைச் சுற்றி எத்தனையோ வாய்க்கால்கள் இருந்தும் எதிலும் பயணப் படகு கிடையாது. ஆனால் கால்வாய்ப் படகில் போகிறவர் தேடுவது தண்ணீரை மட்டும் அல்ல. நெடுஞ்சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் ஊர்களையும், அவசரமில்லாத பொழுதையும், நினைத்த இடத்தில் நின்றுகொள்ளும் சௌகரியத்தையும்தான் அவர் தேடுகிறார். இவ்வளவும் உய்யக்கொண்டான் கரையில் சைக்கிளில் போனாலே கிடைக்கும். இங்கிலாந்துக் கால்வாய்களில் ஏழடி அகலப் படகுகளை ஒரு காலத்தில் இழுத்தவை கரையில் நடந்த குதிரைகள். இன்றைக்கும் அங்கே படகின் வேக வரம்பு மணிக்கு நான்கு மைல்தான். சைக்கிளில் எவ்வளவு நிதானமாகப் போனாலும் நீங்கள் அதைத் தாண்டிவிடுவீர்கள்.

இந்த அத்தியாயத்தில் சொல்லும் பாதைக்கு ஒரு முழுநாள் வேண்டும். ஸ்ரீரங்கத்தையும் சேர்த்தால் இரண்டு நாள். அரைநாள்தான் கையில் இருக்கிறது என்றால் உய்யக்கொண்டான் திருமலைப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள். அவசரமாகப் போய்ப் பார்ப்பதற்கு இந்தக் கரையில் எதுவும் இல்லை.

கால்வாய் எப்படி ஓடுகிறது

திருச்சிக்கு மேற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில், பேட்டைவாய்த்தலை அருகே காவிரியின் தென்கரையில் உய்யக்கொண்டான் பிரிகிறது. அங்கிருந்து கிழக்கே வளைந்து வளைந்து சுமார் 70 கி.மீ. ஓடி, நகரத்துக்குள் புகுந்து வெளியேறி, திருவெறும்பூருக்கு அப்பால் வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் முடிகிறது. உய்யக்கொண்டான் என்பது முதலாம் இராசராசனின் பட்டப்பெயர்களில் ஒன்று. அதனால் கால்வாயையும் அவன் காலத்தது என்று சொல்வது வழக்கம். ஆயிரம் ஆண்டுக் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது.

பெயரைவிட முக்கியமானது அது ஓடும் விதம். சாலை போடுகிறவர் ஊரிலிருந்து ஊருக்கு நேர்கோடு இழுப்பார். கால்வாய் வெட்டியவருக்கு அந்த வசதி இல்லை. தண்ணீர் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் சீக்கிரமாக இறங்கிவிடவும் கூடாது. சீக்கிரம் இறங்கிவிட்டால் மேட்டு வயல்களுக்கு ஏறாது. அதனால் நிலத்தின் மேட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டே கால்வாய் போகிறது. கிழக்கே பார்த்துப் போகும்போது உங்கள் இடக்கைப் பக்கம், அதாவது கால்வாய்க்கும் காவிரிக்கும் நடுவில், பள்ளம். நெல்லும் வாழையும் பெரும்பாலும் அங்கேதான். வலக்கைப் பக்கம் மேடு. பல இடங்களில் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சைக்கிளை விட்டு இறங்காமலே தெரியும்: ஒரு பக்கம் வாழைத் தோப்பு, மறுபக்கம் வேலிக்கருவை. அந்த மேட்டுக்கும் நீர் ஏற்றத்தான் மாயனூரிலிருந்து கட்டளை மேட்டுக் கால்வாய்கள் இன்னும் தெற்கே வெட்டப்பட்டன. மேட்டில் அவை, நடுவில் உய்யக்கொண்டான், அடியில் காவிரி. இந்த அடுக்கு பிடிபட்டுவிட்டால், எந்த ஊர் ஏன் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

படகு ஏன் ஓடவில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. இது முழுக்க முழுக்கப் பாசனத்துக்கு வெட்டிய கால்வாய். இடையிடையே நீரை மறித்து ஏற்றும் ஷட்டர்கள், தலை தட்டும் அளவுக்குத் தாழ்வான பாலங்கள், ஆண்டுக்குச் சில மாதம் வறண்டோ குறைந்தோ கிடக்கும் படுகை. ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குப் படகை இறக்கி ஏற்றும் பூட்டுமதகு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் முக்கொம்பில் அணை கட்டிய ஆர்தர் காட்டன், பிற்காலத்தில் கோதாவரி டெல்டாவில் வெட்டிய கால்வாய்களுக்குப் பூட்டுமதகுகள் வைத்தார். பாசனத்துக்கும் படகுக்கும் ஒரே கால்வாய் போதும் என்பது அவருடைய கொள்கை. ரயிலுக்குக் கொட்டும் பணத்தை நீர்வழிக்குச் செலவழியுங்கள் என்று கடைசிவரை வாதாடியவர் அவர். கோதாவரிப் பக்கம் படகு ஓடியது. சென்னைப் பக்கம் பக்கிங்காம் கால்வாயிலும் ஓடியது. திருச்சியில் அந்த யோசனைக்கே இடம் இருக்கவில்லை. இங்கே தண்ணீரின் ஒவ்வொரு சொட்டுக்கும் ஏற்கெனவே ஒரு வயல் காத்திருந்தது.

எப்போது போவது

மேட்டூர் அணையைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். வழக்கப்படி அணை ஜூன் 12 அன்று திறக்கிறது. ஜனவரி 28 அன்று மூடுகிறது. நீர் இருப்பைப் பொறுத்துத் திறப்பு முன்பின் ஆகும். மேட்டூரில் விட்ட தண்ணீர் இந்தப் பக்கம் வந்து சேர மூன்று நாள் ஆகலாம். ஆகவே திறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்றே கிளம்பிவிட வேண்டாம். ஆடியில் தண்ணீர் புதுசாக, செம்மண் நிறத்தில் வரும். காற்றும் பலமாக அடிக்கும். மேற்கேயிருந்து வீசும் காற்று முதுகில் தள்ளும் என்பதால் பேட்டைவாய்த்தலையில் தொடங்கிக் கிழக்கே வருவதுதான் சைக்கிள்காரருக்கு நல்லது. ஆவணியும் புரட்டாசியும் சரியான காலம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்தால் கரை சேறாகிவிடும். கால் வைத்தால் செருப்பு உள்ளே போய்விடும். மார்கழி, தை மறுபடி நன்று. பங்குனிக்குப் பிறகு வந்தால் கால்வாயைக் காண்பீர்கள், தண்ணீரைக் காண்பது சந்தேகம்.

காலை ஆறு மணிக்குள் கரையில் இருங்கள். பதினொன்றுக்கு மேல் வெயில் தாங்காது. கரையில் கடை கிடையாது. தண்ணீர் பாட்டிலும் கட்டுச்சோறும் கையில் இருக்கட்டும்.

பேட்டைவாய்த்தலையிலிருந்து ஜீயபுரம் வரை

போய்ச் சேர இரண்டு வழி. கோட்டை ரயில் நிலையத்திலிருந்து கரூர் மார்க்கப் பாசஞ்சர் ரயிலில் ஏறினால் முத்தரசநல்லூர், ஜீயபுரம், எலமனூர், பெருகமணி என்று நின்று நின்று பேட்டைவாய்த்தலையில் இறக்கிவிடும். வண்டிகள் குறைவு, நேரத்தை முதல்நாளே பார்த்துவையுங்கள். இல்லையென்றால் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து குளித்தலை, கரூர் பேருந்துகள் அடிக்கடி உண்டு. சைக்கிளோடு போகிறவர்கள் இருட்டு பிரியும் முன்பே கரூர் சாலையில் மிதித்துப் போய்விட்டு, திரும்பும்போது கரையைப் பிடிப்பது வசதி. கரூர் சாலையில் விடிந்த பிறகு லாரி அதிகம். நடந்தே போகிறவர்களுக்கும் இந்த ரயில் பாதை நல்ல துணை. கால்வாய்க்கு வடக்கே கிட்டத்தட்ட அதன் போக்கிலேயே ரயிலும் சாலையும் போகின்றன; களைத்த இடத்தில் வடக்கே திரும்பி ஏதாவது ஒரு நிறுத்தத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

கால்வாய்த் தலைப்பில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. மதகையும், நீர் ஆற்றைவிட்டுப் பிரியும் திருப்பத்தையும் பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கரை நீர்வளத் துறைக்குச் சொந்தமானது. நடக்கவோ சைக்கிளில் போகவோ யாரும் தடுப்பதில்லை. ஆனால் மதகின் மேல் ஏறுவதும் ஷட்டர் திருகில் கை வைப்பதும் கூடாது. எந்த மதகுக்கு எத்தனை அடி, எத்தனை நாள் என்று கணக்குப் போட்டு முறைவைத்து விடுகிறார்கள். விளையாட்டாக ஒரு சுற்றுச் சுற்றினால் கடைமடையில் ஒருவருடைய நாற்று காயும்.

அந்தக் கணக்கைக் கையில் வைத்திருப்பவர் லஸ்கர். கையில் மண்வெட்டி, சைக்கிள் காரியரில் ஒரு சாக்கு. காலையில் கரையில் யாராவது தனியாக நடந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் அவர்தான். கூகுள் வரைபடம் கரையை ஒரே கோடாகக் காட்டும். அந்தக் கோடு எங்கே முள்ளுக்குள் போய் மறைகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். வழியைக் கேட்காமல் தாண்டாதீர்கள்.

“அண்ணே, இந்தக் கரையிலயே போனா எட்டரை ஊருக்குப் போயிரலாமா?”

“போலாம் தம்பி. அந்தப் பாலத்துக்கு அப்புறம் கரை முள்ளு மண்டிக் கெடக்கு. எறங்கி ரோட்டப் புடிச்சுப் போயி, கோயில்கிட்ட மறுபடி கரையேறிக்கங்க. தண்ணிக்குள்ள மட்டும் எறங்காதீங்க, மதகுகிட்ட உள்ள இழுக்கும்.”

கடைசியாகச் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. மேலே அசையாமல் கண்ணாடிபோல் தெரியும் இடத்தில்தான் மதகின் அடிக்கண் நீரை உள்ளே வாங்கிக்கொண்டிருக்கும். குளிக்க ஆசைப்பட்டால் ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்கள் குளிக்கும் நேரத்தில் குளியுங்கள். பெண்கள் துவைக்கும் படித்துறை வந்தால் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டுக் கடந்து போங்கள்.

சிறுகமணி, பெருகமணி தாண்டியதும் வடக்கே ஒரு கிளைப்பயணம் செய்யலாம். காவிரிக் கரையில் இருக்கிறது திருப்பராய்த்துறை. ஐப்பசி முதல் நாள் துலா நீராட்டத்தின் முதல் முழுக்கு இங்கே; கடைமுழுக்கு மயிலாடுதுறையில். அன்றைக்கு மட்டும் இந்தப் பக்கம் வரவேண்டாம் அல்லது அதற்காகவே வாருங்கள். இரண்டுக்கும் நடுவில் வழியில்லை, அவ்வளவு கூட்டம். மற்ற நாட்களில் தாருகாவனேசுவரர் கோயில் பிராகாரம் அமைதியாக இருக்கும். சுவாமி சித்பவானந்தர் 1942-இல் தொடங்கிய இராமகிருஷ்ண தபோவனமும் இங்கேதான். அங்கே ஆற்றங்கரைக்குப் போய் நின்றால், அகண்ட காவிரி என்று ஏன் சொல்கிறார்கள் என்பது தெரியும். எதிர்க்கரை மரங்கள் ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரிகின்றன.

முக்கொம்பு எல்லாருக்கும் தெரிந்த இடம், பூங்காவும் மீன் வறுவலுமாக. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். காவிரியில் வந்த நீர் பெரும்பகுதி அதன் வழியே போய்விட, தஞ்சாவூருக்குப் போகும் காவிரி தூர்ந்துகொண்டே வந்தது. அதைத் தடுக்க 1836-இல் காட்டன் கொள்ளிடத்தின் வாயில் மேலணையைக் கட்டினார். கல்லணை மணலில் எப்படி நிற்கிறது என்று பார்த்துப் படித்துக்கொண்டுதான் அந்த வேலையில் இறங்கினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு, பெருவெள்ளத்தில் கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகுகள் உடைந்து அடித்துக்கொண்டு போயின. பிறகு புதிதாகக் கதவணை கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை முக்கொம்புக்குப் போகாதீர்கள்.

ஜீயபுரத்துப் பழைய சோறு

ஜீயபுரத்தில் பேருந்து நிறுத்தத்தையொட்டித் தேநீர்க் கடைகள் உண்டு. கரையை விட்டு வந்து காலைச் சிற்றுண்டியை இங்கே முடித்துக்கொள்ளலாம். சாப்பிடும்போது இந்த ஊர்க் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்தில் பாதிப்பேருக்கு அது தெரியும்.

இங்கே ஒரு பாட்டி, அவளுக்கு ரங்கன் என்று ஒரு பேரன். சவரம் செய்துகொண்டு காவிரியில் குளிக்கப் போனவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாட்டி பழைய சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு “ரங்கா, ரங்கா” என்று கரையில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டது பேரனைத்தான், ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்கும் அதே பெயர். தலையில் ஈரத்தோடு அவரே வந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். சற்று நேரத்தில் எங்கோ கரை ஒதுங்கிய நிஜப் பேரனும் வீடு வந்து சேர்ந்தான். பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இருந்தது மாவடு. பங்குனித் திருவிழாவில் ஒரு நாள் ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாள் பல்லக்கில் ஜீயபுரத்து ஆஸ்தான மண்டபத்துக்கு எழுந்தருளுகிறார். அன்றைக்கு அவருக்குப் பழைய சோறும் மாவடுவும் நிவேதனம். அக்கார அடிசிலும் நெய் வடியும் பொங்கலுமாகச் சாப்பிடுகிறவருக்கு ஆண்டுக்கு ஒருநாள் இப்படி ஒரு மாறுதல். மாவடுக் காலமும் பங்குனிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த நாளை அமைத்துக்கொண்டால், கால்வாயில் நீர் குறைந்திருந்தாலும் பயணம் வீண்போகாது.

ஜீயபுரத்துக்கு அருகே சாலையோரம் திருச்செந்துறை. கொடும்பாளூர் வேளிர் குலத்துப் பெண்ணும், சோழன் பராந்தகனின் மகன் அரிகுலகேசரியின் மனைவியுமான பூதி ஆதிச்ச பிடாரி எடுப்பித்த கற்றளி இருக்கும் ஊர். கல்வெட்டில் ஆர்வம் இருந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

வாழைக்குள்ளே

கொடியாலம், புலிவலம், எட்டரை, கோப்பு, குழுமணி. அந்தநல்லூர் ஒன்றியத்தின் இந்த உட்பகுதிதான் பயணத்தின் நல்ல பாதி. கரூர் சாலையில் எத்தனை முறை போனாலும் இவை கண்ணில் படா. நடுவில் பல இடங்களில் கரையைவிட்டு ஊர்ச் சாலைக்கு இறங்க வேண்டி வரும், இறங்குங்கள். ஊர்ச் சாலையும் வாய்க்கால் ஓரமாகவேதான் போகும்.

இங்கே எங்கும் வாழை. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், கற்பூரவல்லி, ஏலரிசி என்று தோப்புக்குத் தோப்பு மாறும். தார் தள்ளிய மரத்துக்குச் சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்திருப்பார்கள். ஆடிக் காற்றில் முட்டுக் கம்பையும் மீறித் தோப்பு சாய்ந்து கிடப்பதைப் பார்க்க நேர்ந்தால், அங்கே நின்று படம் எடுக்க வேண்டாம். உங்களுக்கு அது ஒரு காட்சி. தோப்புக்காரருக்கு ஒரு வருட வருமானம். வாழையைப் பற்றி விரிவாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் தாயனூர்ப் பக்கம் போதாவூரில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை வேறொரு நாளில் எட்டிப் பார்க்கலாம். 1993-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

இலைக்கென்றே விடும் தோப்புகளும் உண்டு. அங்கே வேலை விடியற்காலையில். நீளக் கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் காம்பில் ஒரு இழுப்பு. இலை தரையில் விழுவதற்குள் இன்னொருவர் இடது கையில் வாங்கிக்கொள்கிறார். பனி ஈரம் காயாமல் நடு நரம்பை வளைத்து மடித்து, நுனியையும் ஏட்டையும் தனித்தனியே பிரித்து, வாழை நாரில் கட்டுக் கட்டாகக் கட்டி, மேலே சருகைச் சுற்றிவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்தக் கட்டுகள் டிவிஎஸ் ஃபிஃப்டியின் முன்னும் பின்னும் ஏறி டவுனுக்குப் போய்விடும். ஓட்டுகிறவரின் தலை மட்டும் பச்சைக்கு மேலே தெரியும். அந்த நேரத்தில் போனால் “ஒரு நுனி இலை கொடுங்கண்ணே, சோறு சாப்பிட” என்று கேளுங்கள். காசு வாங்க மாட்டார்கள்; வற்புறுத்தவும் வேண்டாம். கிழிந்த இலையாகக் கேட்பது மரியாதை, நல்ல இலை விற்பனைக்கு. அதில் நீங்கள் கொண்டுவந்த புளியோதரையைக் கொட்டி, ஏதாவது ஒரு மதகடி மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். சாப்பிட்ட இலையை மாடு தின்னும். கூடக் கொண்டுவந்த பிளாஸ்டிக் கவரைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கும் விடுதி இந்தப் பகுதியில் எதிர்பார்க்க வேண்டாம். டீக்கடைகள் ஊர் முக்கில் இருக்கும். பத்து மணிக்குப் பிறகு வடை தீர்ந்துவிடும். நாய்கள் உண்டு. சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் அவை பொருட்படுத்துவதில்லை.

உய்யக்கொண்டான் திருமலை

சோமரசம்பேட்டை வந்ததும் நகரம் நெருங்கிவிட்டது தெரியும். பிளாட் விளம்பரப் பலகைகள் தொடங்கிவிடும். இங்கிருந்து மேற்கே திரும்பினால் முருகன் கோயில் உள்ள வயலூர். விசேஷ நாள் என்றால் அந்தச் சாலையைத் தவிர்த்துவிடுங்கள். கிழக்கே வயலூர் சாலையில் வந்தால் உய்யக்கொண்டான் திருமலை.

பாறைமேல் உட்கார்ந்திருக்கும் இந்தக் கோயிலின் பழைய பெயர் திருக்கற்குடி. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடியது. சுவாமி உஜ்ஜீவநாதர், அம்பாள் அஞ்சனாட்சி. படிகள் அதிகம் இல்லை; மலைக்கோட்டை ஏறியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. வெளிமதிலைப் பார்த்தால் கோயிலைவிடக் கோட்டை ஞாபகம் வரும், வருவதும் நியாயமே. 1750-களில் திருச்சிக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் அடித்துக்கொண்ட நாட்களில் இந்தப் பாறை கைமாறிக் கைமாறிப் படைகளுக்குத் தளமாக இருந்தது. அன்றைய ஆங்கிலக் குறிப்புகளில் “வெய்க்கொண்டா” என்று வரும் இடம் இதுதான்.

நடு மத்தியானம் நடை சாத்தியிருக்கும். ஆகையால் பன்னிரண்டுக்குள் வந்துவிடுங்கள் அல்லது நான்கு மணிக்கு மேல் ஏறுங்கள். மாலையில் ஏறுவதே மேல். மேலே நின்று கிழக்கே பார்த்தால் மலைக்கோட்டை, மேற்கே இதுவரை நீங்கள் வந்த பச்சை, நடுவில் வீடுகள். கால்வாய் எங்கே திரும்புகிறது என்று மரவரிசையை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

ஆறுகண்ணும் நகரமும்

புத்தூர் ஆறுகண் இந்தப் பயணத்தின் இயல்பான முடிவு. தெற்கேயிருந்து வரும் கோரையாறு இங்கே உய்யக்கொண்டானோடு சேர்கிறது. மிஞ்சிய நீர் ஆறுகண் வழியாக விழுந்து குடமுருட்டிக்குப் போய்க் காவிரியில் கலக்கிறது. கால்வாய்க்கு இது ஒரு பாதுகாப்பு வழி. மணப்பாறைப் பக்கம் நல்ல மழை பெய்தால் அரியாறும் கோரையாறும் பொங்கி இங்கேதான் வந்து முட்டும். 1977-இலும் 2005-இலும் நவம்பர் வெள்ளத்தில் நகரம் மூழ்கியது திருச்சிக்காரர்களுக்கு மறக்கவில்லை. இரண்டு தடவையும் மழை கொட்டியது ஐப்பசி, கார்த்திகையில் என்பதையும் ‘எப்போது போவது’ பகுதியோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே குழுமிக்கரையில் குழுமாயி அம்மன் கோயில். மாசித் திருவிழாவில் நடக்கும் குட்டிகுடிக்குப் பெரும் கூட்டம் கூடும். பலியிட்ட ஆட்டுக்குட்டிகளின் ரத்தத்தை மருளாளி குடிக்கும் சடங்கு அது. மனம் இளகியவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

இதற்குப் பிறகு கால்வாய் நகரத்துக்குள். நீதிமன்றப் பக்கமும் அண்ணாநகர்ப் பக்கமும் மாநகராட்சி நடைபாதை போட்டு மரம் வைத்திருக்கிறது. சாயங்காலம் நடக்கத் தோதான இடம். ஆனால் பாலக்கரையை நெருங்க நெருங்கச் சாக்கடை சேர்கிறது, வாடை அடிக்கிறது. வரகனேரி, அரியமங்கலம் வரை கரையில் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைமடையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் பேருந்தில் திருவெறும்பூர் போய், சிறு குன்றின்மேல் இருக்கும் எறும்பீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து வாழவந்தான்கோட்டை ஏரிக்கு ஆட்டோ பிடிக்கலாம். நகரத்தின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்ட பிறகும் அந்தத் தண்ணீர் அங்கே வயலுக்குத்தான் பாய்கிறது. பேட்டைவாய்த்தலையில் அதைப் பார்த்தவர்களுக்குக் கோபம் வரும்.

இரண்டாம் நாள்: ஸ்ரீரங்கம் தீவு

முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கல்லணை வரை நீண்டு கிடக்கும் தீவு இது. கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ராஜகோபுரத்துக்கும் அம்மா மண்டபத்துக்கும் நடுவிலேயே திரும்பிவிடுகிறார்கள். தீவின் மேற்கும் கிழக்கும் இன்னும் கிராமம்தான்.

முதலில் மேற்கே மேலூர். கோயிலிலிருந்து சைக்கிளில் எளிதாகப் போய்விடலாம். வாய்க்கால், வாழை, தென்னை, நடுவில் ஒற்றைச் சாலை. வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015-இல் இங்கே திறக்கப்பட்டது, 25 ஏக்கர். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நல்ல இடம். மழை ஓய்ந்த மாதங்களில் காலை வெயில் படும்போது போனால் பூச்சிகள் அதிகம். நண்பகலில் போய்விட்டு “ஒன்றையும் காணோம்” என்று அலுத்துக்கொள்கிறார்கள்.

பிறகு கிழக்கே. திருவானைக்காவலைத் தாண்டிக் கல்லணை சாலையில் திருவளர்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்கள். வலக்கைப் பக்கம் காவிரி கூடவே வரும். சாலையோரப் படித்துறைகளில் ஆடி பதினெட்டன்று காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் சித்திரான்னமுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். அம்மா மண்டபத்து நெரிசல் வேண்டாம் என்பவர்களுக்கு இந்தக் கிராமப் படித்துறைகள் போதும்.

படகில் ஏறியே தீருவேன் என்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. மீன்பிடிக்கிறவர்களின் பரிசலைக் காவிரியில் பார்ப்பீர்கள். மூங்கில் பின்னி, அடியில் தாரும் பிளாஸ்டிக் சாக்கும் ஒட்டிய வட்டக் கூடை அது. ஓட்டத் தெரியாதவர் துடுப்பைப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். அவர்கள் தொழிலுக்கு வைத்திருப்பது, சவாரிக்கு அல்ல, உயிர்க்கவசமும் இருக்காது. பணம் கொடுத்து ஏற்றச் சொல்லாதீர்கள். பரிசல் சவாரிக்கு இதே காவிரியில் மேட்டூருக்கு மேலே ஒகேனக்கல் இருக்கிறது. இங்கே மிதப்பதைப் பார்க்க வேண்டுமானால் மாசியில் ஸ்ரீரங்கம் தெப்பம், பங்குனியில் மலைக்கோட்டை தெப்பக்குளத்தில் தாயுமானவர் தெப்பம். ஏறுவது சுவாமி, நாம் கரையில்.

மதியச் சாப்பாட்டைத் திருவானைக்காவலில் வைத்துக்கொள்ளலாம். மாலையானால் பார்த்தசாரதி விலாஸ் நெய் ரோஸ்ட், காத்திருக்க நேரும். கல்லணைக்குத் தனி அத்தியாயம் இருப்பதால் இங்கே அதைத் தொடவில்லை.

கிளம்புமுன் ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். காவிரியில் வெள்ளம் மிகுந்தால் உபரி நீர் உத்தமர்சீலி தரைப்பாலத்தின் மேல் வழிந்து கொள்ளிடத்துக்குப் போகும். அப்போது போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். சத்திரம் பேருந்து நிலையத்தில் கல்லணை வண்டி எந்த வழியாகப் போகிறது என்று கண்டக்டரிடம் கேட்டாலே நிலவரம் தெரிந்துவிடும். பாலம் மூழ்கியிருந்தால் காவிரியின் தென்கரையில் சர்க்கார்பாளையம், வேங்கூர் வழியாகக் கல்லணை போகலாம். சாலை குறுகல், வளைவுகள் அதிகம், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.